உறுதி வந்த பின்னும் ஐயம் ஏன்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

மனிதனுக்கு வரும் சோதனைகளில் நோய் ஒன்று. நோய் வந்துவிட்டதோ என்ற அச்சம் மற்றொன்று. நோய்க்கு மருந்து உண்டு. நோய் இல்லை என்று மருத்துவரே எழுதிக் கொடுத்த பின்னும் நீங்காத அச்சத்துக்கு மருந்து எது? எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்று தெரிந்த பின்னரும் நிம்மதியிழந்து தவிப்பவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். வெளியில் சொல்ல வெட்கம். உள்ளே வைத்திருக்க வலுவில்லை. ஆகவே இதனை மார்க்கத்தின் ஒளியிலும் மருத்துவம் கூறும் உண்மைகளின் துணையிலும் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இவர்கள் எல்லாரும் பாவம் செய்தவர்கள் என்று எவரும் அவசரப்பட்டு எண்ணிவிட வேண்டாம். சலூன் கத்தி கீறியதற்காக அஞ்சுபவர் இருக்கிறார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த பின் அஞ்சுபவர் இருக்கிறார். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பிய கணவரை எண்ணி மனத்துக்குள் மருகும் மனைவி இருக்கிறார். வளைகுடா விசாவுக்கான மெடிக்கலில் இரத்தம் கொடுத்துவிட்டு, என்ன முடிவு வருமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர் இருக்கிறார். ஒரு நாள் வழி தவறி நடந்துவிட்டு, அந்த ஒரு நாளை எண்ணி ஓராண்டாக உருகுபவரும் இருக்கிறார். காரணம் எதுவானாலும், அச்சம் ஒன்றே.

பரிசோதனை சொல்வது என்ன?

முதலில் மருத்துவ உண்மையை அறிந்துகொள்வோம். அறியாமையின் மேல் கட்டிய அமைதி நிலைக்காது.

இந்தக் கிருமி பரவும் வழிகள் சிலவே. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்படுதல், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தாயிடமிருந்து கருவில் அல்லது பிரசவத்தின்போது அல்லது தாய்ப்பால் மூலம் குழந்தைக்குச் செல்லுதல் ஆகியவையே அவை. கைகுலுக்குவதால், ஒரே தட்டில் உண்பதால், ஒரே ஹவுளில் ஒளூச் செய்வதால், கொசு கடிப்பதால் இது பரவுவதில்லை. உடலுக்கு வெளியே இக்கிருமி நெடுநேரம் பிழைத்திருப்பதும் இல்லை.

கிருமி உடலில் நுழைந்த மறுநாளே பரிசோதனையில் தெரிந்துவிடாது. உடல் அதற்கு எதிரான பொருளை உண்டாக்கச் சில வாரங்கள் பிடிக்கும். கையிலுள்ள இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, 45 நாட்களுக்குள் ஏறத்தாழ எல்லாத் தொற்றையும் காட்டிவிடும். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் கெடு முடிந்த பின், இடையில் புதிய ஆபத்து எதுவும் நேராத நிலையில், 'இல்லை' என்று வந்தால் அதன் பொருள் 'இல்லை' என்பதுதான். ஆபத்து நேர்ந்த உடனேயே, 72 மணி நேரத்துக்குள், மருத்துவரை அணுகித் தடுப்பு மருந்து தொடங்கியவர்கள் மட்டும் அந்த 28 நாள் மருந்துக்குப் பிறகு எப்போது சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. முதலாவதாகச் செய்யப்படும் சோதனை, எந்தத் தொற்றும் தப்பிவிடக் கூடாது என்ற நோக்கத்துடனேயே மிக நுட்பமாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஐயப்பாடு தோன்றினால்தான் வேறு முறையில் இரண்டாவது, மூன்றாவது சோதனைகள் செய்து உறுதிப்படுத்துவார்கள். நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இயங்கும் இடங்களில் இச்சோதனை இலவசமாகவே நடைபெறுகிறது. சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் ஒருவர் அமர்ந்து பேசுவார். சோதித்துக்கொண்டவரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டமே கட்டளையிடுகிறது.

ஐயம் உறுதியை நீக்காது

இவ்வளவும் அறிந்த பின்னும் மனம் கேட்கிறது: 'ஒருவேளை எந்திரம் தவறியிருந்தால்? ஒருவேளை என் இரத்தம் வேறொருவர் இரத்தத்தோடு மாறியிருந்தால்?' இந்த 'ஒருவேளை'க்கு முடிவே இல்லை. நமது ஷரீஅத் இந்த 'ஒருவேளை'யை நன்றாக அறிந்திருக்கிறது.

தொழுகையில் நிற்கும் ஒருவருக்கு, ஒளூ முறிந்துவிட்டதோ என்ற எண்ணம் தோன்றுகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? சப்தத்தைக் கேட்டாலன்றி, அல்லது வாடையை உணர்ந்தாலன்றி அவர் தொழுகையை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. இதிலிருந்துதான் நம் ஃபிக்ஹு மேதைகள் ஒரு பெரும் விதியை வகுத்தார்கள்: உறுதியானதை ஐயம் நீக்காது. ஹனஃபிகளும் ஷாஃபியீகளும் கைக்கொள்ளும் விதி இது.

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. ஒளூ இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர், 'செய்திருப்பேனோ' என்ற ஐயத்தின் பேரில் தொழ முடியாது. அவர் ஒளூச் செய்தே ஆக வேண்டும். அதுபோல, உண்மையான ஆபத்துக்கு உள்ளானவர், 'எனக்கு ஒன்றும் இராது' என்று சோதனைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுவதும் முறையல்ல. அது தவக்குல் அல்ல. ஒட்டகையைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதாகும். சோதிக்க வேண்டிய நேரத்தில் சோதிப்பது கடமை. சோதித்துத் தெளிந்த பின் அதனை ஏற்பதும் அதே அளவு கடமை.

'நூற்றுக்கு நூறு என்று மருத்துவர் சொல்லவில்லையே' என்று சிலர் வாதிடுகிறார்கள். அன்பர்களே! நம் மார்க்க வாழ்வில் எதனை நூற்றுக்கு நூறு அளந்து பார்த்துச் செய்கிறோம்? நம்பகமான ஒருவர் பிறை கண்டேன் என்றால் ஊரே நோன்பு வைக்கிறது. இரண்டு சாட்சிகளின் பேரில் காஜியார் தீர்ப்பளிக்கிறார். பயணத்தில் கிப்லா தெரியாதவர் தம்மால் இயன்றவரை ஆராய்ந்து ஒரு திசையை நோக்கித் தொழுகிறார். இவற்றில் எதிலும் மறைவானதை அறியும் பொறுப்பை அல்லாஹ் நம் தலையில் ஏற்றவில்லை. மறைவானதை அறிபவன் அவன் ஒருவனே. ஒரு துளியும் ஐயமில்லாத அறிவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், தமக்கு உரியதல்லாத ஒன்றையே கேட்கிறார்.

பனூ இஸ்ராயீல்களின் பசு மாட்டு வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஒரு மாட்டை அறுக்கும்படி கட்டளை வந்தது. எந்த மாட்டை அறுத்திருந்தாலும் போதுமாயிருந்தது. அவர்களோ வயது என்ன என்றார்கள். நிறம் என்ன என்றார்கள். தெளிவாகவில்லை, இன்னும் விளக்கம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் காரியம் கடினமாயிற்றே தவிர எளிதாகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஓடுபவரின் நிலையும் இதுவே. முதல் சீட்டு ஒரு மாதம் அமைதி தந்தது. இரண்டாவது சீட்டு ஒரு வாரம். மூன்றாவது ஒரு நாள். நான்காவது, கூடத்தின் படி இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டது!

அச்சம் தௌபா ஆகாது

ஒருமுறை வியாபாரி ஒருவர் ஜும்ஆவுக்குப் பிறகு நம்மைத் தனியே அழைத்தார். மூன்று ஊர்களில் ஐந்து முறை சோதித்துவிட்டாராம். "ஹஜ்ரத், ஐந்து தடவையும் இல்லை என்றுதான் வந்திருக்கிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை" என்றார். நாம் கேட்டோம்: "பாய், நோய் இருக்குமோ என்று பயப்படுகிறீர்களா? அல்லது, செய்ததற்கு நோய் வந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இரண்டாவதுதான்" என்றார்.

இங்கேதான் இந்தச் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. இரத்தப் பரிசோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த இரத்தத்தில் கிருமி உண்டா, இல்லையா? 'நான் மன்னிக்கப்பட்டேனா?' என்ற கேள்வியை அதனிடம் கொண்டுபோனால் அது ஊமையாகத்தான் நிற்கும். ஐந்து முறை கேட்டாலும் ஐம்பது முறை கேட்டாலும் அந்தப் பதில் அங்கே இல்லை. பதில் இல்லாத இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் கேள்வி முடியவில்லை.

பாவத்துக்கு நோய்தான் தண்டனை என்று நமக்கு யார் சொன்னது? பொய் சொன்னவனுக்கு நாக்கு அழுகவில்லை. வட்டி வாங்கியவனுக்குக் கை முடங்கவில்லை. பாவிகள் பலர் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள். நபி ஐயூப் (அலை) அவர்களோ நெடுங்காலம் நோயால் சோதிக்கப்பட்டார்கள். நோயைப் பாவத்தின் முத்திரையாக எடுத்துக்கொண்டால், பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தவருக்கு அது 'நீ இன்னும் தண்டிக்கப்படவில்லை' என்று கேட்கும். அவர் நல்ல செய்தியையே மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்.

தௌபாவுக்கு நம் இமாம்கள் வகுத்த நிபந்தனைகளைப் பாருங்கள். பாவத்தை விட்டுவிட வேண்டும். செய்ததற்காக வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அடியாருக்குரிய உரிமை ஏதும் பறிக்கப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் 'இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்' என்பது இல்லை. 'நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்' என்பதும் இல்லை. வருத்தம் தௌபாவின் வாசல். வாசலிலேயே குடியிருப்பவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் அழைக்கும்போது, 'என் பாவம் அந்த அழைப்புக்கு அப்பாற்பட்டது' என்று கருதுவது பணிவு போலத் தோன்றலாம். உண்மையில் அது அருளின் எல்லையை நாமே குறுக்குவதாகும்.

தொழுகையில் மறதியாகக் குறை நேர்ந்தால் என்ன செய்கிறோம்? இரண்டு ஸஜ்தா ஸஹ்வு செய்கிறோம்; தொழுகையை முடிக்கிறோம். பரிகாரத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரு முடிவு உண்டு. முடிவில்லாத பரிகாரத்தை ஷரீஅத் எவர் மீதும் விதிக்கவில்லை. நாமாக நம்மீது விதித்துக்கொள்ளும் முடிவில்லாத அச்சம் இபாதத்து அல்ல.

மனைவியின் உரிமை

அடியாரின் உரிமை என்றோம். இதில் மனைவியின் உரிமை முதன்மையானது. உண்மையான ஆபத்துக்கு உள்ளான கணவர், பரிசோதனையின் கெடு முடிந்து தெளிவான முடிவு வரும்வரை மனைவியை ஆபத்துக்கு உள்ளாக்க அவருக்கு உரிமை இல்லை. விலகியிருக்க வேண்டும், அல்லது மருத்துவர் கூறும் பாதுகாப்பைக் கைக்கொள்ள வேண்டும். தானும் தீங்குறக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. தொற்று இருப்பதாக முடிவு வந்தால் அதை மனைவியிடமிருந்து மறைப்பது கொடுமை.

ஆனால் தெளிவாக 'இல்லை' என்று வந்துவிட்ட பின்? அப்போதும் சிலர் மனைவியை நெருங்கவே அஞ்சுகிறார்கள். குழந்தையை முத்தமிட அஞ்சுகிறார்கள். மனைவியோ, தம்மிடம் என்ன குறை கண்டார் என்று கண்ணீர் வடிக்கிறார். பாதுகாப்பு என்ற பெயரில் தொடங்கிய காரியம் இப்போது அவருக்கே தீங்காகிவிட்டது. இல்லாத நோயிலிருந்து காப்பதற்காக, இருக்கும் உரிமையைப் பறிப்பது நியாயமா? இன்னும் சிலர், மனச்சுமை தாங்காமல் கண்டவரிடமெல்லாம் நடந்ததைச் சொல்லி ஆறுதல் தேடுகிறார்கள். அல்லாஹ் மறைத்த குறையை நாமே விரித்துக் காட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் சிகிச்சைக்காகச் சொல்வது வேறு. ஊருக்குச் சொல்வது வேறு.

ஊசாட்டத்துக்கு மருந்து

பாவமே செய்யாதவருக்கும் இந்த அச்சம் வருகிறது என்று முதலிலேயே சொன்னோம். தௌபாச் செய்தவருக்கும் வருகிறது. அப்படியானால் அது வஸ்வாஸ் என்னும் ஊசாட்டம். இதனை நம் முன்னோர்கள் ஈமானின் குறை என்று இகழ்ந்து ஒதுக்கிவிடவில்லை. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ அவர்கள், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் சேர்த்து எழுதிய நூலில், கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு ஊசாட்டத்தையும் உள்ளத்தின் நோய்களில் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். தனிமையும் வேலையின்மையும் அதை வளர்க்கும் என்று எச்சரித்தார்கள். ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள், ஊசாட்டத்துக்கு மருந்து அதை முற்றிலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே என்றார்கள்.

இன்றைய மனநல மருத்துவம் பயன் கண்ட முறையும் இதற்கு அண்மையானதே. அச்சம் எழும்போது அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழக்குகிறார்கள். எப்படி? இன்னொரு பரிசோதனைக்குப் போகத் தோன்றினால், போகாமல் இருக்க வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் கட்டி இருக்கிறதா என்று தடவத் தோன்றினால், கையை எடுத்துவிட வேண்டும். ஓயாமல் அழுத்திப் பார்த்தால் நல்ல சதையும் வலிக்கத்தான் செய்யும். இதயம் படபடத்தல், வியர்த்தல், வயிறு கலங்குதல், பசியின்மை, அதனால் எடை குறைதல் ஆகியவை அச்சத்தாலேயே உண்டாகும். இவற்றை நோயின் குறியாக எடுத்துக்கொண்டு மேலும் அஞ்சினால் மேலும் மெலிவார். குறிகளை வைத்து எவரும் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க முடியாது, சோதனையால்தான் முடியும். அந்தச் சோதனை முடிந்துவிட்டது.

வீட்டாருக்கும் ஒரு சொல். 'எனக்கு ஒன்றும் இல்லையே? ஒன்றும் இல்லையே?' என்று அவர் நூறு தடவை கேட்டால் நூறு தடவையும் பதில் சொல்வது இரக்கம் போலத் தோன்றும். அது ஊசாட்டத்துக்கு இடும் தீனி. 'மருத்துவர் சொல்லிவிட்டார், வாருங்கள், சாப்பிடுவோம்' என்று அன்போடு பேச்சை மாற்றுவதே நன்மை. உமர் (ரலி) அவர்கள் பயணக் கூட்டத்தோடு ஒரு நீர்த்தொட்டியை அடைந்தபோது, உடன் வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், வனவிலங்குகள் இதில் வந்து குடிக்கின்றனவா என்று தொட்டிக்காரரிடம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தொட்டிக்காரரைத் தடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டாத கேள்வியைக் கேட்காமல் விடுவதும் மார்க்க அறிவுதான்.

தொழுகையும் துஆவும் பற்றி எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணம் வரும்போதெல்லாம் அதை அழிப்பதற்காக இத்தனை தடவை ஓத வேண்டும், எண்ணிக்கை தவறினால் மீண்டும் தொடங்க வேண்டும் என்று சிலர் தமக்கே விதி செய்துகொள்கிறார்கள். அப்போது திக்ரே ஊசாட்டத்தின் கருவியாகிவிடுகிறது. அல்லாஹ்வை நினைப்பது அவனுக்காக இருக்கட்டும். எண்ணம் வந்தால் வரட்டும். தெருவில் போகும் வண்டியின் சப்தம் போல அது கடந்து போகும். நீங்கள் உங்கள் ரக்அத்தை முடியுங்கள், கடையைத் திறங்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரகசிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்து, குறித்த தேதிகளில் லாட்ஜில் அறை எடுத்து அமரும் வைத்தியர்களிடமும், தாயத்துக்கு விலை பேசுபவர்களிடமும் போய்ப் பணத்தையும் மானத்தையும் இழக்காதீர்கள். தூக்கமும் தொழிலும் கெடும் அளவுக்கு அச்சம் முற்றினால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சுப் பயிற்சியும் உண்டு. எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற எண்ணிலும், மன உளைச்சலுக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். உடனே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் நோயை இறக்கவில்லை என்ற நபிமொழி உள்ளத்தின் நோய்க்கும் பொருந்தும்.

அச்சத்தை வளர்ப்பது யார்?

கடைசியாக, சமுதாயம் என்ற முறையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு கிருமியின் பெயரைக் கேட்டாலே மனிதர்கள் ஏன் இவ்வளவு நடுங்குகிறார்கள்? 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இந்நோய்க்கு மருந்து இல்லை. அன்றைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இன்று நிலைமை அதுவல்ல. 2004 முதல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தோடு தொடங்கி ஒழுங்காக உட்கொள்பவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்கும் பரவுவதில்லை.

மருந்து வந்துவிட்டது, நம் வெறுப்பு மட்டும் போகவில்லை. நோயாளியைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அவர் வீட்டுத் தண்ணீரைத் தவிர்க்கிறோம். அவர் செய்த பாவத்தைக் கற்பனை செய்து பேசுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர், நோயைவிட நம் நாக்குக்கே அதிகம் அஞ்சுகிறார். 'இல்லை' என்று வந்த சீட்டை அவர் நம்ப முடியாமல் தவிப்பதற்கு நாமும் ஒரு காரணம். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையில் எச்.ஐ.வி.க்கு விலக்கு எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே, சோதித்துத் தெளிந்த சகோதரரே, சகோதரியே! உங்கள் உடலைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது; அதை மடித்து வைத்துவிடுங்கள். உங்கள் பாவத்தைப் பற்றிய கேள்வி ஏதும் இருந்தால் அதை உங்கள் இறைவனிடம் கொண்டு செல்லுங்கள். அவன் மன்னிப்பதில் சலிப்படைவதில்லை. இவ்விரண்டுக்கும் பிறகு எஞ்சி நிற்கும் ஐயத்துக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். தப்பிய வாழ்வுக்கு நன்றி செலுத்துவது என்பது அதை வாழ்வதுதான்.

வல்ல நாயன் நம் அனைவரின் குறைகளையும் மறைத்து, உடலுக்கு ஆரோக்கியத்தையும் உள்ளத்துக்கு உறுதியையும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களை அரவணைக்கும் மனத்தை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.